ஏணிக்குச் சொன்ன வார்த்தை

"ஹலோ... ஹலோ, மாமா பேசறேம்மா... ஆமா, ஆமா, கோவமாத்தான் இருப்பா, தெரியும்... ஒரே ஒரு நிமிஷம், உங்க அக்காகிட்ட போனைக் குடும்மா..."

இரும்புச் சாமான் கிடங்கின் பொறுப்பாளர், ஏணிகள் சாத்தியிருந்த மூலைக்கு ஒதுங்கினார். மனைவி தங்கை வீட்டுக்குப் போய் மூன்று நாளாகிறது.

"வந்துட்டியா? வெச்சுடாதே, வெச்சுடாதே... சரி... சரி... ஆமா, அம்பது பேர் முன்னாடிதான் சொன்னேன்... 'மை வைஃப் இஸ் வெரி யுடிலிடேரியன்'னு... ஐயோ, திட்டறதா இருந்தா இங்கிலீஷ்லயா திட்டுவேன்? அது பாராட்டும்மா! எங்க கேட்லாக்ல நல்ல சாமானுக்கு மட்டும்தான் அந்த வார்த்தையைப் போடுவாங்க... எதுக்கா?... ஏணிக்கு... அப்புறம் தள்ளுவண்டிக்கு..."

இருபத்தைந்து வருட வேலைக்காக அவருக்கு நடந்த பாராட்டுக் கூட்டம் அது. அகராதியைப் புரட்டித் தயாராகத்தான் போயிருந்தார். அலங்காரம் இல்லாமல் வேலைக்கு உதவும் பொருளுக்கான சொல் என்று போட்டிருந்தது. அவருக்குத் தெரிந்து உலகத்தில் அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி கிடையாது. கூட்டத்தில் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவியாக இருந்ததுதான் வினை.

"சரி, தப்பு... ஆமா, ஆமா, தப்புதான்... உன்னைப் பத்தி நல்லதாவா? ஏன், எவ்வளவோ இருக்கே! கதவு இறங்கினா நீயே சரி பண்ணுவே, குழாய் ஒழுகினா... ஐயோ, இல்ல இல்ல, இரு... எந்த வேலைக்கும் உதவாத குணமா சொல்லணுமா?... ஒண்ணே ஒண்ணாவது சொல்லலன்னா வரவே மாட்டியா?"

மனிதருக்கு வியர்த்துவிட்டது. மூளையைக் கசக்கிப் பார்த்தார். அகப்பட்ட குணமெல்லாம் ஏதாவது ஒரு வேலைக்கு உதவித் தொலைத்தது.

"...குளிக்கறப்போ பாடுவியே... ஆமா, அந்தப் பாட்டுதான். ராகமும் கிடையாது, பாதி வரி தப்பு. அதால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல... ஆனா மூணு நாளா காலையில பாத்ரூம் வாசல்ல போய் நின்னுட்டு நின்னுட்டு வர்றேன்மா... ஹலோ?... அழறியா?... சாயங்காலமே வர்றியா? நிஜமாவா?"

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் தேவலை.

"வா, வா... பஸ் ஸ்டாண்டுக்கே வந்துடறேன்... அப்பாடா, இப்பத்தான் போன உயிர் வந்துச்சு! அந்த வாஷிங் மிஷினை எப்படி ஓட்டறதுன்னே தெரியல, துணி மலையாக் கெடக்கு, நீ வந்துட்டேன்னா... ஹலோ?... ஹலோ?..."