மாலதியின் முடிச்சு

எங்கள் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவது நான்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலையை விஜயலக்ஷ்மியிடம் விட்டதில்லை. பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வரவேண்டும். அரை ஸ்பூன் மோர் போதும், மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதலாக. மாட்டுங்காவுக்குக் குடிவந்த அன்று எதிர் பிளாட்டில் வாங்கிய உறைமோர், நாற்பத்தாறு வருடமாக அறுந்ததில்லை. உயிருள்ள ஒன்றைச் சாகாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நஜ்முன்னிசா மேடம். பின்னால் அது தேவைப்படும்.

உங்கள் விசாரணைக் கமிட்டியின் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மரியாதையான கடிதம். மாலதி தளவாய் என்கிற என் பழைய மாணவி, நான்கு அங்குல நூல் ஒன்றைக் கவரில் போட்டு உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் இருப்பது என் உடம்பின் டி.என்.ஏ.தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்துக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறீர்கள். பஞ்சு, கூரியர் என்று வீண் செலவு எதற்கு? அந்த நூல் என்னுடையதுதான். எப்படி அவளிடம் போனது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

என் வாழ்வையும் பணியையும் பற்றி இன்ஸ்டிட்யூட் ஒரு புத்தகம் கொண்டுவருவது உங்களுக்குத் தெரியும். 'இந்திய மூலக்கூறு உயிரியலின் முன்னோடி ஜகந்நாதன்' என்று அதன் முதல் வரி ஆரம்பிக்கிறது. அப்படி எழுதச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை.

மாலதி என்னிடம் ஆராய்ச்சிக்கு வந்தபோது இருபத்து மூன்று வயது. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த தளவாயின் ஒரே மகள். செம்பூரில் இருந்த எங்கள் லேபுக்கு இரண்டு பஸ் மாறி வருவாள், ஒருநாளும் லேட் கிடையாது. எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்லை, யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். எத்தனையோ தடவை வீட்டுக்கே கூப்பிட்டிருக்கிறேன். விஜயலக்ஷ்மி காபி கொடுப்பாள். மாலதிக்கென்றே ஒரு டம்ளர் இருந்தது. பால்கனியில், துளசித் தொட்டிக்கு அந்தப் பக்கம் கவிழ்த்து வைத்திருப்போம். வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். அவ்வளவு தனியாக அவளுக்கென்று வைத்திருந்தோம்.

அவள் வீட்டுக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஒரு தோல் பதனிடும் கிடங்கின் சாக்கடையிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தாள். தோலுக்குப் போட்ட ரசாயனம் வருடக்கணக்கில் ஊறிய தண்ணீர், அதில் எதுவும் பிழைக்கக் கூடாது. ஒரு பாக்டீரியா பிழைத்திருந்தது. அதன் டி.என்.ஏ. இழையைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டாலும் சில மணி நேரத்தில் பழையபடி சேர்ந்துகொண்டது. சேர்த்துவைக்கும் புரதம் எது என்று நான்கு வருடம் தேடிக் கண்டுபிடித்தாள். அதற்குக் 'குத்தூசி' என்று பேர் வைத்தாள். அவள் அப்பா தோலில் துளைபோட்டு நூல் கோக்கிற ஊசி அது. லேபுக்கு அந்தப் பேர் பொருந்தாது என்றேன். சிரித்தாள்.

ஒளிக்காமல் சொல்கிறேன், அவள் கண்டது எனக்கு முதலில் பிடிபடவில்லை. மூன்று தடவை விளக்கினாள். மூன்றாவது தடவை, சின்னப் பையனுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். அது எனக்கு உறுத்தியது என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரம் கேன்டீனில், அடுத்த லேபில் இருந்த பைசான் வெளியூர் விருந்தாளி ஒருவருக்கு என்னை அறிமுகப்படுத்தினான். "யே மாலதி கே சர் ஹைன்" என்றான். மாலதியோட சார். நல்ல பையன், மரியாதையாகத்தான் சொன்னான். வீட்டுக்கு வந்து விஜயலக்ஷ்மியிடம் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஏன்னா, இனிமே அவ பேர்தான் முன்னாடி வருமாக்கும்" என்றாள். நான் தட்டில் மோரை ஊற்றிக்கொண்டேன்.

பெரிய முடிவு எதையும் வெளியே சொல்வதற்கு முன் இன்னொரு லேபில் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாலதி தன் பாக்டீரியாவை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அடைத்தாள். குழாயைக் காகிதத்தில் சுற்றி, காகிதத்தில் பேரும் தேதியும் எழுதி, மேலே நூலால் கட்டினாள். அது அவள் அப்பா பட்டறையின் மெழுகு நூல். மூன்று சுற்று, ஒரு உள்மடிப்பு. இழுக்க இழுக்க இறுகும். அவளைத் தவிர லேபில் யாருக்கும் அந்த முடிச்சு வராது, அதனால் அதுவே அவளுடைய சீல். திங்கட்கிழமை பைசான் எல்லார் முன்னாலும் அதைப் பிரித்துத் தன் லேபில் செய்து பார்ப்பதாக ஏற்பாடு. குழாய் குளிர் அறையில் இருந்தது. சாவி என்னிடம் இருந்தது.

இடையில் சனிக்கிழமை ஆவணி அவிட்டம். காலையில் புதுப் பூணூல் போட்டுக்கொண்டேன். ஒரு வருடம் உடம்பில் கிடந்த பழையதைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், சாயங்காலம் தாதர் கடலில் போட்டுவிடலாம் என்று. மத்தியானம் லேபுக்குப் போனேன். யாரும் இல்லை. ஒன்றும் திட்டம்போட்டுப் போகவில்லை, ஏதோ எழுத்து வேலை பாக்கி இருந்தது.

குளிர் அறையில் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தபோது எனக்குத் தோன்றியதெல்லாம் இவ்வளவுதான்: இந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு வருடப் பக்குவம் வேண்டும். இப்போதே பேர் வந்தால் தலை நிற்காது, யாராவது வெளிநாட்டுக்குக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். முதல் தடவை சறுக்கினால் நிதானம் வரும். நூலைக் கத்தரித்தேன். அவள் குழாயை எடுத்துக்கொண்டு, அதேபோன்ற குழாயில் எல்லா லேபிலும் இருக்கிற சாதாரண பாக்டீரியாவை அடைத்து, அவள் எழுதிய காகிதத்திலேயே சுற்றினேன்.

கட்டுவதற்கு நூல் இல்லை. லேபில் ரப்பர் பேண்டும் நைலான் கயிறும்தான் இருந்தன. பையில் பழைய பூணூல் இருந்தது, வியர்வையில் பழுப்பேறி அவள் நூலின் நிறத்திலேயே. ஒரு துண்டு வெட்டி மெழுகு தேய்த்தேன். முடிச்சு நான்காவது தடவைதான் சரியாக வந்தது. நான்கு வருடம் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் அல்லவா. மீதிப் பூணூலை அன்று சாயங்காலமே கடலில் போட்டுவிட்டேன்.

நூல் என்றால் நூல் என்று நினைத்ததுதான் என் தவறு. தைக்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு அப்படி இல்லை. திங்கட்கிழமை எல்லாரும் சுற்றி நிற்க, பைசானுக்கு முடிச்சு அவிழவில்லை, அவளிடமே நீட்டினான். அவள் விரல்கள் முடிச்சில் பட்டதும் நின்றன. நூலை நகத்தால் பிரித்தாள். மூன்று இழை. கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தை அல்ல, சட்டைக் காலரை. நான் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவள் கத்தரியால் முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டி, நூலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, குழாயைப் பைசானிடம் கொடுத்தாள்.

ஆறு வாரம் கழித்துப் பைசான் கையை விரித்தான். உடைத்த இழை உடைந்தபடியே கிடந்தது. நான்கு வருட முடிவுகளும் ஜோடித்தவை என்று பேச்சு வந்தது. விசாரணைக்கு நானே தலைமை தாங்கினேன். "அந்தக் குழாய் என்னோடது இல்லை, சார்" என்று மட்டும் சொன்னாள். வேறு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடுமையான தண்டனை வேண்டாம், தானாக விலகிக்கொள்ளட்டும் என்று எழுதினேன். மற்றவர்கள் என் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தளவாய், தன் மனைவி சொர்ணம்மாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார்கள்.

"எம்மவ பொய்க்கணக்கு எழுதிட்டான்னு சொல்லுதாவ. அவ இல்லைங்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. நீங்க என்ன சொன்னாலும் நான் நம்புதேன்" என்றார்.

அவர் விரல்களில் மெழுகுக் கறை இருந்தது. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசலில் வைத்துப் பேசுகிற விஷயமா அது? "சின்ன வயசு, அவசரப்பட்டுட்டா. நான் மன்னிச்சுட்டேன், நீங்களும் மன்னிச்சுடுங்கோ" என்றேன். மனிதர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். சொர்ணம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அதன்பிறகு தளவாய் ஒன்பது வருடம் இருந்தார். மகளோடு ஒரு சொல் பேசாமலே போய்ச் சேர்ந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டு எனக்கு வருத்தமாக இருந்தது.

அவள் குழாயை நான் அழிக்கவில்லை. இதை உங்கள் குறிப்பில் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். கழுவுதொட்டியில் ஊற்றினால் அரை நிமிட வேலை. மனசு கேட்கவில்லை. வீட்டு மேஜை டிராயரில் இருட்டில் வைத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்றி, இருபத்தாறு வருடமாக உயிரோடு வைத்திருக்கிறேன். இன்றும் இருக்கிறது, வந்தால் தருகிறேன். கெடுக்க நினைத்தவன் இப்படிச் செய்வானா?

அடுத்த வருடம் அந்தப் புரதத்தைப் பற்றி நானே எழுதினேன். ஊகம் சரி, ஆதாரத்தை மட்டும் பாவம் அந்தப் பெண் ஜோடித்துவிட்டாள், நான் முறைப்படி நிரூபித்தேன் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். கட்டுரையின் கடைசியில் சாக்கடை நீர் சேகரித்ததற்காக அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். பேரைப் போடாமல் விட்டிருக்கலாம், போட்டேன். விருதுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

மாலதி இப்போது தாராவியில் தொண்ணூறடி சாலையில் ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கிற சின்ன சென்டர் வைத்திருக்கிறாள். பதினொரு வருடமாக என் சர்க்கரைக்கு அங்கேதான் போகிறேன். மாட்டுங்காவில் எத்தனையோ இருக்கின்றன, ஆனால் அவள் கை சுகம் யாருக்கும் வராது. ஊசி போட்டதே தெரியாது. "கையை மடக்கிக்கோங்க சார்" என்பாள். குழாயில் என் பேரை எழுதுவாள். அதற்கு மேல் பேச்சு இல்லை. சமாதானமாகிவிட்டோம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் எழுதுகிறவர் போன மாதம் அவளுக்குப் போன் செய்திருக்கிறார். 'மன்னிக்கத் தெரிந்த மனிதர்' என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. பேர் சொல்லாமல், தவறு செய்த மாணவி ஒருத்தியை நான் காப்பாற்றிய கதை. நான்தான் அவருக்குச் சொன்னேன். பெருமைக்காக இல்லை, இளைஞர்களுக்கு உபயோகப்படும் என்று. அவர் அவளிடம் நாலு வரி கேட்டிருக்கிறார். அவள் நூலை உங்களுக்கு அனுப்பிவிட்டாள்.

அவள் உங்களுக்கு எழுதியதன் நகலை இணைத்திருந்தீர்கள். 'யாரும் நம்பமாட்டார்கள் என்று நான் பேசாமல் இருக்கவில்லை. சாரே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் ரத்தம் வருடத்துக்கு நான்கு தடவை என் கைக்கு வருகிறது. அவர் அனுமதி இல்லாமல் அதை நூலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முறையல்ல. கமிட்டிதான் கேட்க வேண்டும்.' இதைப் படித்தபோது எனக்கு அவள்மேல் பரிதாபம் வந்தது. பதினொரு வருடம் கையில் ரத்தத்தையும் பெட்டியில் நூலையும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்றால், ஆராய்ச்சிக்கு வேண்டிய துணிச்சல் அவளுக்கு இல்லை என்று நான் அன்றைக்கே கணித்தது தப்பில்லை.

புத்தகத்தை நிறுத்துங்கள், விருதுகளைத் திருப்பிக் கேளுங்கள், அவள் பேரைக் கட்டுரையில் போடுங்கள், எதற்கும் நான் தடையில்லை. குழாயை மாற்றியது நான். முடிச்சுப் போட்டது நான். அவள் எதையும் ஜோடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆனால் இவை எதையும் அவள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள்: நான் நேரில் வந்து, அவள் அம்மாவிடம் என் வாயால் சொல்ல வேண்டும். அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை, மேடம். நடப்பதற்குச் சோம்பல்பட்டு இல்லை. சென்டருக்குப் போகும்போதெல்லாம் சொர்ணம்மாள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். கண் சரியாகத் தெரியாது, என் செருப்புச் சத்தத்திலேயே எழுந்துவிடுவாள். "ஐயா வாங்க. எம்மவ செஞ்சதுக்கு வேற ஆளா இருந்தா செயிலுக்கு அனுப்பியிருப்பாவ. தெய்வம்லா நீங்க" என்று கும்பிடுவாள். போன மாதமும் கும்பிட்டாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மாலதி ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்திரண்டு வயது. புருஷன் போய்விட்டான், மகளும் இப்படி ஆகிவிட்டாள். உலகத்தில் ஒரு நல்ல மனிதனைப் பார்த்துவிட்டோம் என்கிற ஒரு நிம்மதிதான் அந்தக் கிழவிக்கு மிச்சம், அதையும் நான் போய்ப் பறித்தால் அது பாவம்.