லாக்கருக்குள் இருந்த புள்ளி

— அப்பா? நீங்க எப்படி இங்க? இன்னிக்கு செவ்வாய்க்கிழமைதானே?

— மொதல்ல இதைச் சொல்லு முகிலா. இந்த லாக்கர் உன்ரதா?

— எந்த லாக்கர்?

— நாப்பத்தொண்ணு. பன்னெண்டே காலுக்கு உள்ளார போன் அதிருச்சு, தகர டப்பாவுல வண்டு மாட்டுனாப்பல. உங்கம்மா உன்னையக் கூப்புடற நேரம். மூணு தடவ அடிச்சு ஓஞ்சுது. அதுலேர்ந்து இதுக்கு எதுத்தாப்புலயே உக்காந்திருக்கறேன்.

— மறந்து வெச்சுட்டேன்ப்பா. கிளாஸ்க்கு லேட் ஆயிடுச்சு, அதான்.

— சார்ஜரோடயா மறந்தே? உள்ளாரயே கரண்ட் வர்ற லாக்கருன்னு கீழ கவுண்டர்ல இருக்கற ஒரு அம்மா சொன்னாங்க.

— அப்பா, மெதுவா. லைப்ரரி.

— மெதுவாத்தான் பேசறேன். ரெண்டு மாசமா உங்கம்மா போன் மேப்புல முகிலன்னு ஒரு புள்ளி. காத்தால ஒம்பதுக்கு இந்த லைப்ரரிக்கு வருது, சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாஸ்டலுக்குப் போகுது. நம்மூர் காப்பெல்ல அந்தப் புள்ளிய அவ காட்டாத ஆளில்ல. ஜெயலீலா ஆண்ட்டி தன்ர மக பிரீத்தாவை வையறதே உன்ர புள்ளியக் காட்டித்தான்.

— பாவம் பிரீத்தா. அவ நிஜமாவே படிக்கறா.

— அப்ப நீ?

— கையில என்னப்பா, டிஃபன் பாக்ஸா?

— சரி வா. அந்த சன்னலோரம் உக்காரலாம். அரிசிம்பருப்பு சாதம் இருக்குது. ஆறிப்போச்சு, இருந்தாலும் தின்னு.

— அம்மா குடுத்து விட்டாங்களா? அவங்களுக்குத் தெரியுமா நீங்க வந்தது?

— தெரியாது. இது எனக்கு ஆபீசுக்குக் கட்டிக் குடுத்தது.

— அப்ப உங்களுக்கு?

— எனக்குப் பசியில்ல கண்ணு. பாதியா இளைச்சுக் கெடக்கறே, நீ தின்னு.

— வர்றேன்னு ஒரு டெக்ஸ்ட் பண்ணியிருக்கலாமேப்பா.

— பண்ணியிருந்தாலும் லாக்கர்தான் படிச்சிருக்கும். என்ர கையிலயும் போன் இல்ல.

— போன் இல்லாம அவ்ளோ தூரம் ட்ரைவ் பண்ணீங்களா? மூணரை மணி நேரம்?

— ஹைவேல பலகை இருக்குது, படிச்சுட்டே வந்தேன். இந்த கேம்பஸுக்குள்ளதான் தடம் தெரியாம நின்னுட்டேன். நாலு பேர்த்தைக் கேட்டேன், நாலு பேரும் போனைப் பாத்துச் சொன்னாங்க. எங்க கம்பெனி மொத்தமும் இதுல ஒரு கட்டடத்துல அடங்கிரும். ஐம்பதாயிரம் பசங்களா இங்க?

— ஐம்பத்திரெண்டு.

— போன் இங்க இருக்கறப்ப நீ எங்க இருக்கறே?

— பஸ்ல.

— எங்க போற பஸ்?

— எங்கயும் போகாது. கேம்பஸ் ஷட்டில், சுத்திச் சுத்தி வரும். கடைசி சீட்ல உக்காந்துப்பேன். டிரைவர் மாறுறப்ப எறங்கி, அங்க ஒரு குளத்துல ஆமைங்க இருக்கும், அதைப் பாத்துட்டு அடுத்த பஸ்ல ஏறிடுவேன்.

— கிளாசு?

— போறதில்ல.

— இன்னிக்கா?

— அக்டோபர்லேர்ந்து. எக்ஸாமுக்கும் போகல. நாலு கோர்ஸும் போச்சுப்பா. டிராப் பண்ற கடைசித் தேதியும் போயிடுச்சு. டிசம்பர்ல நாலும் எஃப், ஃபெயில்னு வரும்.

— காலேஜ்லேர்ந்து எங்களுக்கு ஒரு வரி வரலையே.

— வராது. எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. நான் சொன்னாத்தான் வீட்டுக்குத் தெரியும்.

— அப்படியா ஒரு சட்டம்?

— ம்ம்.

— நல்ல சட்டம். சொல்றதுக்கு ஆளே இல்லாதவனுக்குத்தான் அது பொருந்தும். எதனால கண்ணு? சுலபமாச் சொல்லு, எனக்குப் புரியற மாதிரி.

— கெமிஸ்ட்ரில ஐநூறு பேர். ப்ரொஃபசர் முகம் ஸ்க்ரீன்லதான் தெரியும். ஃபர்ஸ்ட் டெஸ்ட்ல முப்பத்தெட்டு. டவுட் கேக்கலாம்னு ஆபீஸ் ஹவர்ஸ் போனேன், ஹால் வரைக்கும் லைன். என் டர்ன் வந்தப்ப அங்க இருந்த டி.ஏ., ப்ரொஃபசரோட அசிஸ்டன்ட், உன் கேள்வி என்னன்னு கேட்டான். எனக்கு என்ன தெரியலன்னே எனக்குத் தெரியலப்பா. சாரி சொல்லிட்டு வந்துட்டேன். அடுத்த நாள் போகல. அதுக்கடுத்த நாள் போறது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

— ரூம்ல ஒரு பையன் இருந்தானே, நாகர்கோயில்காரங்க பையன்?

— ஸ்டெபின். நல்லவன்தான். ஹெட்ஃபோன் போட்டிருப்பான், என்னைப் பாத்தா தலைய ஆட்டுவான். ஆகஸ்ட்லேர்ந்து இந்த ஊர்ல யாரும் என் பேரை முழுசாச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. நீங்கதான் இப்போ.

— ம்.

— திட்டுங்கப்பா. திட்டாம இருந்தா பயமா இருக்கு.

— திட்டறதுக்கு வரல.

— அப்ப எதுக்கு வந்தீங்க?

— உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்னு வந்தேன். ஆறு வாரமா நெனச்சு, இன்னிக்குத்தான் வண்டி எடுத்தேன். இருக்கட்டும். முகிலா, ஒரு சந்தேகம்.

— என்ன?

— நாளெல்லாம் புள்ளி ஒரே எடத்துல கெடந்தா, அம்மாவுக்குத் தோணாதா? மனுசன்னா மத்தியானம் சாப்பிட நகருவானில்ல?

— வெள்ளிக்கிழமை மட்டும் போனை எடுத்துட்டு டைனிங் ஹால் வரைக்கும் நடந்துட்டு வருவேன்.

— அது நல்ல யோசனை. எனக்குத் தோணல.

— வாட்?

— ஒண்ணுமில்ல. தின்னு. சின்னதுல உனக்கொரு கதை சொல்லுவேனே, சோளக்காட்டு பொம்மை, நெனப்பிருக்குதா?

— பாதியில தூங்கிடுவேன்.

— இன்னிக்கு முழிச்சிருக்கறே. ஒரு குடியானவன் இருந்தான். அந்த வருசம் அவன் சோளம் கருகிப்போச்சு. வீட்ல சொல்ல வாய் வரல. தன்ர சட்டையக் கழட்டி, காக்கா ஓட்டற பொம்மைக்கு மாட்டிவிட்டுட்டு, வாய்க்கா மறைவுல போயி உக்காந்துட்டான். அவன் பொஞ்சாதி தெனமும் மேட்டுல நின்னு பாப்பா. தூரத்துல சட்டை தெரியும். மனுசன் பாடுபடறாருன்னு நெறஞ்ச மனசோட திரும்பிப் போவா.

— பேர்ட்ஸ்? அதுங்களும் ஏமாந்துதா?

— ரெண்டாம் நாளே கண்டுபுடிச்சு, பொம்மை தோள்லயே உக்காந்துக்கிச்சு. நெருங்கி வந்து பாக்கறதுக்குப் பயமில்லாதது அதுக மட்டுந்தான்.

— ஓகே. புரியுதுப்பா. அந்த ஃபார்மர் நான்தான்.

— கதை இன்னும் இருக்குது. ஒருநாள் மழை புடிச்சுக்கிச்சு. இந்த மனுசன் நனையறாரேன்னு அவ குடையை எடுத்துட்டுக் காட்டுக்குள்ளார எறங்கிட்டா. கிட்டப் போயி சட்டை மேல கையை வெச்சா.

— அப்புறம்?

— அப்புறம் தெரியாது. நான் கட்டுன கதை அதுவரைக்குந்தான்.

— அம்மா இங்க வர்றதுக்குள்ள நான் வீட்டுக்கு வந்துடறேன்ப்பா. தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வர்றப்ப நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா அம்மா தாங்கிப்பாங்க.

— நான் சொன்னாவா?

— ஆமா. நம்ம வீட்ல எதுவும் ஆகாத ஆள் நீங்கதானே. எட்டு மணிக்குக் கெளம்புவீங்க, ஆறரைக்கு வருவீங்க. பஸ்ல உக்காந்துட்டு அதைத்தான் நெனச்சுப்பேன். நான் விழுந்தாலும் பரவால்ல, அப்பா இருக்காங்கன்னு. பக்கத்துலயே ஒரு சின்ன காலேஜ்ல மொதல்லேர்ந்து ஸ்டார்ட் பண்றேன். ப்ளீஸ்.

— இப்ப வேண்டாம் சாமி.

— ஏன்?

— உங்கம்மா மத்தியானம் தட்டு வெக்கறதுக்கு முன்னாடி போனைத் தொறப்பா. உன்ர புள்ளி லைப்ரரில, என்ர புள்ளி ஆபீஸ்ல. ரெண்டையும் பாத்துட்டுத்தான் சோத்துல கை வெப்பா. ரெண்டையும் ஒரே மாசத்துல எப்படி அழிக்கறது?

— ரெண்டுமா? ஏன், என்னோடது ஒண்ணுதானே?

— மணி என்ன?

— ஒண்ணு பத்து. அப்பா, நான் கேட்டது—

— கெளம்போணும். அஞ்சுக்குள்ள ஆபீஸ் வாசல்ல நிக்கோணும். லாக்கரத் தொறந்து அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடு, படிச்சுட்டிருந்தேன்னு. போட்டுட்டு மறுபடியும் உள்ளயே வெச்சுரு.

— உள்ளயே வெக்கறதா? நீங்களே இப்படிச் சொல்றீங்களா?

— இன்னிக்கு மட்டும்.

— நீங்க லீவு போட்டுட்டுத்தானே வந்தீங்க? அஞ்சு மணிக்கு ஆபீஸ் வாசல்ல என்ன வேலை?

— போனை வாங்கோணும்.

— யார்கிட்டேர்ந்து? அப்பா, என்னைப் பாருங்க. உங்க போன் எங்க இருக்கு?

— எங்க ஆபீஸ் கிட்டுசாமி மாமாவோட மேசை டிராயர்ல, கண்ணு. செப்டம்பர்ல என்னைய வேலையவிட்டு எடுத்ததுலேர்ந்து, தெனமும் அதுதான் ஆபீசுக்குப் போகுது.