மூக்கைப் பார்த்த கடைக்காரர்

பாலிக் புலாவிலிருந்து டவுனுக்கு வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்டவள் திடீரென்று கத்தினாள்.

“போச்சுடி! நம்ம கடைக்கார மாமா மூக்கைப் பார்த்துட்டாரு!”

“யாரு மூக்கை?”

“சூலியா தெரு நாசி கண்டார் கடையில வீடியோ எடுத்தோம்லா? மாமா தமிழ்ல பேசினதுக்கு இந்த ஆப் தானா இங்லீஷ்ல சப்டைட்டில் போட்டிருக்கு. கொழம்பு ஊத்துற சோத்துக்குத்தான் நாசி கண்டார்னு பேருன்னு அதுக்குத் தெரியலை; நாசின்னா மூக்காம், கண்டார்னா பார்த்தாராம். ‘மூக்கைப் பார்த்தார்தான் எங்க குடும்பத்துக்குச் சோறு போடுது’ன்னு வருது.”

“சப்டைட்டிலைத் தூக்கிடு.”

“லெக்சரர் சீனர்லா, அவருக்கு என்னா புரியும்? மத்தியானத்துக்குள்ள அனுப்பலைன்னா ஃபெயில்.”

“அப்ப மூக்கு வர்ற எடத்துல எல்லாம் நாசி கண்டார்னு மாத்தச் சொல்லு. ஆப்பே ஒரே தட்டுல மாத்திடும்.”

மாற்றினார்கள். பாயான் லெப்பாஸ் வருவதற்குள் அனுப்பியும் விட்டார்கள். அதன் பிறகுதான் கண்ணாடிக்காரி படத்தை நிம்மதியாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

“ஏய், ‘எங்க கறியைச் சாப்பிட்டா உறைப்புல மூக்கு ஒழுகும்’னு மாமா சொன்னாருல்ல?”

“ஆமா, சூப்பரா சொன்னாரு.”

“இப்ப நாசி கண்டார் ஒழுகுதுடி!”

மற்றவள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள்.

“விடுலா. கொழம்பை அவ்வளவு ஊத்தினா ஒழுகத்தானே செய்யும்? சார் நம்பிடுவாரு.”