இன்பமேரியின் ரத்த அளவு

வெந்தயம் ஏழே நாளில் வெட்டுக்கு வந்துவிடும், சார். தட்டில் தேங்காய் நார்த்தூளைப் பரப்பி, விதையைத் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். விரல் நீளம் வந்ததும் கத்தரித்து, எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே சாப்பிடலாம். மைக்ரோகிரீன்ஸ் என்பார்கள். முற்றிய கீரையைவிடச் சத்து அதிகம் என்று பயிற்சியில் சொன்னார்கள். வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர் லயங்களில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். நல்ல காரியம்தான் அது. இப்போதும் எனக்கு அதில் சந்தேகமில்லை.

இன்பமேரிக்கு அப்போது ஆறாம் மாதம். சுகாதாரத் தொண்டர் என்ற முறையில் அவளுக்கு ரத்தம் பார்ப்பது என் வேலை. ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் அவளுக்குக் குமட்டும்.

"ஜிஸ்மிக்கா, மாத்திரைய விட்டுட்டு இந்தக் கீரையவே தின்னுக்கிறட்டா? போதுமா?" என்று கேட்டாள்.

போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கீரை வகுப்பைப் படமெடுக்க டிவி ஆட்கள் வருவதாக இருந்தது. கீரையாலேயே தேறிய ஒருத்தியை நான் காட்ட வேண்டும்.

"போதும்டி" என்றேன்.

எட்டாம் மாதம் பார்த்தபோது ஆறரை. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். படமெடுக்க வந்தவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவள் கர்ப்பகால அட்டையில் பதினொன்று என்று எழுதினேன். அவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உங்கள் மேசைமேல் வைக்கக்கூட எனக்குக் கூசுகிறது, சார்.

அட்டையை நம்பிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்துக்குச் சேர்த்தார்கள். பிள்ளை பிழைத்தது. அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஏற்றுவதற்கு அங்கே ரத்தமும் இல்லை. இறந்துவிட்டாள். முன்பே அவள் உடம்பில் ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதும், அவள் புருஷன் மிக்கேல் அட்டையை நீட்டினான்.

"பொய் சொல்லாதீங்க. ஜிஸ்மிக்கா பதினொன்னுன்னு எழுதிருக்காங்க."

பிறகு, கூட வந்திருந்த என் பக்கம் திரும்பினான். "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கப்புறம்தான் அவன் டாக்டரை அடித்தான். நாலு நாளாக நீங்கள் அவனை அடைத்து வைத்திருப்பது அதற்காகத்தான். பெண்டாட்டியின் அடக்கத்துக்கும் அவனால் வர முடியவில்லை. முன்வரிசையில் நான் நின்றேன்.

பொய் சொன்னது டாக்டரில்லை, நான்தான். ஆனால் அவள் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, சார். பிரசவத்துக்குள் அது உண்மையிலேயே பதினொன்றாகிவிடும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை கெட்டுவிடக் கூடாதென்றுதான் அதன்பிறகு அவளுக்கு நான் ரத்தமே பார்க்கவில்லை.