கையில் வைத்த திறப்பு

இன்று வேலை இல்லை என்று என்னை அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த டோர்செட் பார்க் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டொக்டரிட்ட ஏன் இதுதான் முதல் வலிப்பு எண்டு சொன்னீங்கள்? அதாலதானே அவர் மருந்துக் குளிசை இப்ப தேவையில்லை, பாப்பம் எண்டவர்."

"முதல்தானே."

"அப்ப ஊரில படிக்கேக்க ரியூசனில நீங்கள் விழுந்து துடிச்சது?"

"அது பசி மயக்கம்."

"மயக்கத்துக்கே நான் ஓடிவந்து என்ர சைக்கிள் பூட்டுத் திறப்பை உங்கட கையில வைச்சனான்? இரும்பைப் பிடிச்சா வலிப்பு நிக்குமெண்டு."

அவர் சிரித்தார். "பிறகு அந்தத் திறப்பை நான் ஒரு கிழமை தரேல்லை. நீர் நடந்தெல்லோ வந்தனீர்."

"நீங்களும் பக்கத்தில நடந்தனீங்கள்." அவளும் சிரித்தாள். "இப்ப இரும்பு சரிவராதப்பா. குளிசைதான் வேணும்."

அவர் கார்த் திறப்பை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"வீட்டில நிக்கிற காரை நாளைக்கு நீர் ஓடும்; என்ர லைசென்ஸ் போனாப் போகட்டும். ரெண்டாவது எண்டு நானே டொக்டரிட்டச் சொல்லுறன்."