ஆனியில் இடிச்ச அடுக்களை

…நம்ம சங்கத் தலைவர் இப்ப ஒண்ணு சொன்னாரு. "யாரு வேலையைச் சட்டுனு ஆரம்பிக்கிறானோ, அவன்கிட்டதான் வாடிக்கையாளர் வருவான்"னு. கைதட்டுனீங்க. நானும் தட்டினேன். ஆனா மனசு ஒப்பல. மாடுலர் கிச்சன் போடுற கம்பெனிக்காரங்க இத்தனை பேரு ஒரே மண்டபத்துல உக்காந்திருக்கீங்க… உங்ககிட்ட சொல்லாம இதை நான் யாருகிட்ட போய்ச் சொல்ல? ஒரு சின்னக் கதை. சாப்பாட்டுப் பந்திக்கு முன்னாடி முடிச்சிருவேன். சந்தோஷமான கதை இல்ல. இருந்தாலும் கேளுங்க.

பாளையங்கோட்டையில குத்தாலிங்கம்னு ஒருத்தர். பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். அவரு சம்சாரம் ஆவுடையம்மா. அந்தம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு… "உப்பு ரொம்பக் குறையணும். வெளிச் சாப்பாடு கூடவே கூடாது." போதாக்குறைக்கு முழங்கால் வலி. பழைய அடுக்களையில பாத்திரம் பூராவும் கீழ்த்தட்டுல. ஒரு கரண்டி எடுக்கணும்னாலும் குனியணும். மனுஷன் பார்த்தாரு… நின்ன இடத்துல கை நீட்டுனா எல்லாம் வர்ற மாதிரி ஒரு கிச்சன் போட்டுக் குடுப்போம்னு நினைச்சாரு. தப்பா? தப்பே இல்ல. நினைக்காதவன்தான் தப்பு.

ரெண்டு கம்பெனியில விசாரிச்சாரு. முதல் கம்பெனியில ஸ்டெல்லான்னு ஒரு அம்மா. அவங்க சொன்னாங்க…

"அண்ணாச்சி, நாங்க எல்லாத்தையும் பட்டறையில செஞ்சு முடிச்சு, உங்க வீட்டுல கொண்டுவந்து இறக்குன பிறகுதான் பழசுல கை வைப்போம். அதுக்கு ஆவணி ஆயிரும். பொறுத்துக்கிடுவீங்களா?"

இவருக்கு முகம் சுண்டிப் போச்சு. ஏன்? அப்ப ஆனி மாசக் கடைசி. ஆடி பிறந்துட்டா நம்ம ஊர்ல எவன் புது வேலை தொடங்குவான்?

ரெண்டாவது கம்பெனி இசக்கிதுரை. அவரு என்ன சொன்னாரு தெரியுமா?

"ஆவணி வரைக்கும் எதுக்கு அண்ணாச்சி? நாளைக்கே ஆள் அனுப்புதேன். ஆனியிலயே கை வச்சிருவோம்."

நாளைக்கே… அந்த ஒரு வார்த்தையில மனுஷன் விழுந்துட்டாரு. வீட்டுக்கு வந்து சம்சாரத்துகிட்ட பெருமையாச் சொல்றாரு. "ஆவுடை, இவம்தான் வேலைக்காரன்."

சொன்ன மாதிரியே மறுநாள் ஆளு வந்தாச்சு. மேடை போச்சு. தொட்டி போச்சு. குழாயைப் பிடுங்கி அடைச்சாச்சு. சாயங்காலம் அடுக்களை இருந்த இடத்துல செங்கல்லும் தூசியும்தான். போனவங்க போனவங்கதான்.

ஏன்னு உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில சிரிக்கிறாரே, அவருக்கு நல்லாவே தெரியும். நம்ம தொழில்ல இது ஒரு பழக்கம்… முதல்ல பழசை உடைச்சிரு. உடைச்சிட்டா பார்ட்டி வேற எங்கயும் போகமாட்டான். அப்படித்தானே? சிரிக்காதீங்கய்யா. இனிமேதான் கதையே.

குத்தாலிங்கம் போன் போடுறாரு. "தம்பி, எப்ப வாரீய?"

"பொருள் வந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி."

திரும்பப் போடுறாரு. "தம்பி, வீட்டுல சீக்காளி இருக்கா. சமைக்க வழியில்ல."

அதுக்கு இசக்கிதுரை சொன்ன பதில் இருக்கே…

"ஆடி பிறந்துட்டுல்லா அண்ணாச்சி? ஆடியில அடுப்பு மேடை போடலாமா? ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

எந்த ஆடிக்குப் பயந்து அவசரமா இடிக்கச் சம்மதிச்சாரோ… அதே ஆடியை எடுத்து அவர் வாயை அடைச்சாச்சு. அந்த நேரத்துல இசக்கிதுரை ஆளுங்க வேறொரு வீட்டுல மேடையை உடைச்சுக்கிட்டு இருந்தாங்க.

குத்தாலிங்கம் ஒரு கரண்ட் அடுப்பை வாங்கி ஹால்ல டீப்பாய் மேல வச்சாரு. அந்தம்மாவால அதுக்குக் குனிய முடியாது. இவருக்குக் கஞ்சியைத் தவிர ஒண்ணும் வைக்கத் தெரியாது. எத்தனை நாளைக்குக் கஞ்சி குடிக்கிறது? மெஸ்ல பொரியல் வாங்கிட்டு வருவாரு. வாங்கிட்டு வந்து… பாத்ரூம் குழாய்ல பிடிச்சு அலசுவாரு. உப்புப் போகணுமாம். அவரைக்காயைத் தண்ணியில அலசி, பிழிஞ்சு, தட்டுல வைப்பாரு. அந்தம்மா அதையும் சாப்பிடும். ஒருநாள் சொல்லுச்சு…

"புது அடுப்பு வரட்டும். முதல்ல உங்களுக்குத் தேங்காப்பால் ஊத்திச் சொதி வச்சுத் தாரேன். நாக்கு செத்துப் போயிருப்பீய."

சீக்காளி யாரு? நாக்கு செத்துப் போச்சேன்னு கவலைப்படுறது யாருக்காக? பார்த்துக்கோங்க.

ஆடி முடியறதுக்கு முன்னாடியே ஆவுடையம்மா போயிட்டாங்க.

மெஸ் சாப்பாடுதான் கொன்னுச்சுன்னு நான் சொல்லல. நோய் இருந்தது உண்மை. ஆனா அந்தக் கடைசி மாசம்… தன் கையால ஆக்கி, தன் வாய்க்குப் பிடிச்சதை ஒரு வாய் சாப்பிடாமப் போச்சு அந்த உசுரு. அதை யாரு எடுத்துக்கிட்டது?

ஆவணி பிறந்துச்சு. இசக்கிதுரையே ஆளுங்களோட வந்தாரு. கொல்லைப்புறமா நுழைஞ்சு வேலையைப் பார்த்தாங்க; ஹால் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கல. வேலை சுத்தம். அதுல குறை சொல்ல முடியாது. லேசாத் தள்ளுனா இழுப்பறை சத்தமில்லாம மூடுது. எல்லாம் முடிஞ்சு, கையைத் துடைச்சுக்கிட்டு வாயெல்லாம் பல்லா நின்னாரு.

"அண்ணாச்சி, அக்காவைக் கூப்பிடுங்க. முதல்ல அவங்க கையால பால் காய்ச்சட்டும்."

குத்தாலிங்கம் கோபப்படல. ஹால்ல மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைக் காட்டுனாரு. "கூப்பிட்டுப் பாருங்க தம்பி. நான் கூப்பிட்டா வரல"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

கிச்சன் போட கம்பெனி தேடுறவங்களும் இங்க வந்திருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உடைக்க வர்ற வேகத்தைப் பார்த்து ஆளை நம்பாதீங்க. உடைக்கிறதுக்கு எவனும் வருவான். "புதுசு என் வீட்டுல இறங்குன பிறகு பழசுல கை வைப்பியா?"ன்னு கேளுங்க. தலையைச் சொறியறவனை வாசலோட அனுப்புங்க.

தொழில் பண்றவங்களே… நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போவீங்க. சுத்தியலை எடுப்பீங்க. ஓங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேளுங்க… "இன்னிக்கு ராத்திரி இந்த வீட்டுல எங்க சமைப்பாங்க?" அதுக்குப் பதில் இல்லைன்னா… சுத்தியலைக் கீழ வச்சிட்டு வந்திருங்க. பார்ட்டி போனா போகட்டும்.