ஆய்வு நாளில் இரண்டாம் குளிரறை

காலையில் எழுந்தால் முதலில் கோப்பி வைப்பேன். முகம் வழிப்பேன், சட்டைக்கு அயர்ன் போடுவேன், பஸ் பிடித்துப் பொலிதேயாமாவில் இருக்கும் அலுவலகத்துக்குப் போவேன். மனைவி செத்த பிறகும் இதில் எதுவும் மாறவில்லை. நீங்கள் என்னைக் கைது செய்த அன்றும் சட்டை கசங்காமல்தான் வந்தேன்.

எங்கள் கம்பனி மீன் ஏற்றுமதி செய்கிறது. குளிரறைகள் தள்ளி, ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருக்கின்றன. உள்ளே தனியாக வேலை செய்பவர்களை அலுவலகத்திலிருந்து கண்காணிப்பது என் வேலை. மணிக்கொரு தடவை சுவர்த் தொலைபேசிக்கு எடுப்பேன். "ஓம், சுகம்" என்றால் திரையில் பச்சை போடுவேன். இல்லையென்றால் சிவப்பு, உடனே களஞ்சியக்கார டெனிஸ்டன் போய்ப் பார்க்க வேண்டும். அந்தத் தொலைபேசியிலிருந்து வெளியே எடுக்க முடியாது.

என் மனைவி கேசிகா அங்கே பெட்டி அடுக்கினாள். இரண்டாம் அறைக் கதவு உள்ளிருந்து திறக்க மறுக்கிறது என்று முறைப்பாடு அனுப்பினாள். ஆளனுப்பாமலே, திருத்தியாயிற்று என்று பதிந்து மூடிவிட்டேன். பெண்டாட்டி சொல்லுக்கு ஓடுகிறான் என்று யாரும் பேசக் கூடாது. பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில் எல்லார் முன்னும் சொன்னாள்:

"எங்கட இவருக்கு ஆக்கள் விறைச்சாலும் பறவாயில்லை, திரை பச்சையாக் கிடந்தாச் சரி."

டெனிஸ்டன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்த வாரம் தலைமையகத்து ஆய்வாளர்கள் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். இரண்டாம் அறைக்கு எடுத்தேன். கேசிகா பேசினாள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தலையாட்டிக் கேட்டு, வைத்து, பச்சை போட்டேன். கொஞ்ச நேரம் விறைத்தால் வாய் அடங்கும் என்று நினைத்தேன். அவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். பிறகு அந்த அறைக்கு எடுக்கவில்லை. பச்சை மட்டும் போட்டேன்.

டெனிஸ்டன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, கேசிகாக்காவைக் காணேல்லை. உள்ளுக்கை போய்ப் பாக்கவோ?"

"தேவையில்லை. அவ வீட்டை போயிட்டா."

"சொல்லாமலோ?"

"உனக்கேன் சொல்லவேணும்?"

பின்னேரம் கதவைத் திறந்தவன் அவன்தான். அவனுடைய கவனக்குறைவு என்று உங்களிடம் சொன்னேன். இன்னும் அவனை மறியலில் வைத்திருக்கிறீர்கள். விடுங்கள். அவன் சிரித்தது மட்டும்தான்.

அவளோடு பேசிய அழைப்பின் ஒலிப்பதிவை உங்கள் மொழிபெயர்ப்பாளர் கேட்டுவிட்டாராம். பிழையாகச் சொல்லக்கூடும், நானே சொல்கிறேன். வேலை நேரத்தில் குடும்பக் கதை கூடாது என்பது விதி. அதனால்தான் வைத்தேன். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நான் உங்கட மனிசியாக் கேக்கேல்லை. இஞ்சை வேலை செய்யிற ஆளாக் கேக்கிறன். கதவைத் திறக்கச் சொல்லுங்கோ."